பறக்கவிட ஆள் இருக்கு... இறக்க இடம் இருக்கா?

ரிமோட் விமானம் செய்வதும் சோதித்துப் பறக்கவிடுவதும் பொம்மை விளையாட்டு அல்ல. நாளைய தொழிலின் பாலபாடம். கொங்கு மண்ணில் அதற்கான கைகள் உண்டு, பட்டறைகள் உண்டு, கல்லூரிகள் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்ண்ணா, வாலு சாயுதுங்களே..."

ஞாயிற்றுக்கிழமை. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சென்னிமலைக்குத் தெற்கே ஒரு கொறங்காடு. கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறது. மாடுகளை இன்னும் ஓட்டி வரவில்லை. பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், வெள்ளை சன்பேக் ஷீட்டில் செய்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கிறான். மூக்கு மேலே எழும்ப, வால் மெல்லக் கீழே இறங்குகிறது.

பக்கத்தில் நிற்பவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. "பேட்டரிய ஒரு இஞ்சு முன்னால தள்ளு கண்ணு. வால் கனத்தோட வீசுனா நேரா வேலிக்குத்தான் போவும்" என்கிறார். வெல்க்ரோ பட்டையைப் பிரித்து, பேட்டரியை நகர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி விரல் நுனியில் தூக்கல். இந்த முறை விமானம் மூக்கைச் சற்றே தாழ்த்திக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

அடுத்து ரிமோட். குச்சியை வலப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் ஓரத்தில் இருக்கும் அய்லரான் மேலே எழ வேண்டும். எழுகிறது. பின்னால் இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் மேலே வர வேண்டும். வருகிறது. சிக்னலைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது நாற்பது அடி எடுத்து நடந்து, இந்தப் பாகங்களை அசைக்கும் சர்வோக்கள் அப்போதும் சொன்னபடி கேட்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பெரியவர் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி விரல் நடுவே உதிர்த்துக் காற்றின் திசையைக் கணிக்கிறார். எதிர்க்காற்றில் நின்று, இறக்கை மட்டமாக இருக்கும்படி பிடித்து, ஓங்கிச் செலுத்துகிறார்.

விமானம் இடப்பக்கம் சாய்கிறது. தரைக்கும் அதற்கும் ஆறடிகூட இல்லை. பையனின் கட்டைவிரல் வலப்பக்கம் போகிறது. சாய்வு நிமிர்கிறது. வெள்வேல மரத்தின் உச்சியைத் தாண்டி ஏறுகிறது. அதுவரை அங்கே யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

## பெயர் தெரிந்த ஒருவர், பெயர் தெரியாத பலர்

ரிமோட் விமானம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் நடிகர் அஜித்குமார். படப்பிடிப்புக்கு நடுவே மாதிரி விமானங்களோடும் ஹெலிகாப்டர்களோடும் அவர் எடுத்துக்கொண்ட படங்கள் பல ஆண்டுகளாக உலா வந்தன. அது வெறும் நட்சத்திரப் பொழுதுபோக்கு இல்லை என்பது 2018-ல் ஊருக்குத் தெரிந்தது. குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி, தன் 'தக்‌ஷா' மாணவர் அணிக்கு அவரை ஆலோசகராகவும் சோதனை விமானியாகவும் அழைத்துக்கொண்டது. அணியை வழிநடத்தியவர் அங்குள்ள வான்வெளி ஆய்வு மையத்தின் பேராசிரியர் கே. செந்தில்குமார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டால்பி என்ற ஊரில் 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டி நடந்தது. ஆளில்லா விமானம் தானாகவே தொலைதூரம் போய், மருத்துவ உதவி தேவைப்படும் ஒருவர் இருக்கும் இடத்தில் இறங்கி, திரும்பி வர வேண்டும். தக்‌ஷா அணி இரண்டாம் இடம் பிடித்தது.

அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் இதே கல்லூரியில்தான். 1949-ல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி. அங்கே காட்சிக்கு நின்ற, பணிக்காலம் முடிந்த இரண்டு விமானங்கள் தன்னை ஈர்த்த கதையைக் கலாம் எழுதியிருக்கிறார்.

தக்‌ஷாவின் கதை போட்டியோடு முடியவில்லை. கரோனா காலத்தில் தெருக்களில் கிருமிநாசினி தெளிக்க அந்த அணியின் ட்ரோன்கள் வந்தன. பிறகு அது நிறுவனமாகி, உரம் விற்கும் கோரமண்டல் இன்டர்நேஷனல் அதில் பெரும்பங்கு வாங்கியது. பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோன்கள் இன்று அதன் முக்கியத் தயாரிப்பு. ஒரு மாணவர் அணி பத்துப் பதினைந்து வருடத்தில் தொழிற்சாலையாக வளர்ந்த கதை, நம்மிடையே அடிக்கடி நடப்பதல்ல.

ஆனால் இந்தக் கட்டுரையின் அக்கறை பெயர் தெரியாத பலர் மீது. சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன், கோவை குமரகுரு, கணியூர் பார்க், குமாரபாளையம் எக்செல் என்று கொங்கு வட்டாரத்தில் விமானப் பொறியியல் சொல்லித்தரும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. வானொலி அலையோ ரிமோட்டோ இல்லாமல், கம்பியைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றி விமானத்தைப் பறக்கவிட்ட அந்த நாளைய காடெட்டுகள் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள். கல்கத்தாவில் தயாரான சின்னஞ்சிறு அரோரா எஞ்சினின் வாசனையைக்கூட அவர்கள் மறக்கவில்லை.

---
பெட்டிச் செய்தி: முதல் விமானத்துக்கு என்ன வேண்டும்?

உடம்புக்கு: சன்பேக் ஷீட் அல்லது ஃபோம் போர்டு. விளம்பரப் பலகை செய்யும் கடையில் மிச்சம் விழுந்ததே போதும். இறக்கைக்கு உள்ளே தாங்கு குச்சியாக மூங்கில்.

மோட்டார்: 2212 வகை பிரஷ்லெஸ் மோட்டார். அதை இயக்க 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி).

சர்வோ: ஒவ்வொன்றும் 9 கிராம் எடை. மூன்று அல்லது நான்கு தேவை.

பேட்டரி: 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர். அதற்கென்றே உள்ள பேலன்ஸ் சார்ஜர்.

ரிமோட்: 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல். செலவில் பாதி இதற்குத்தான். ஆனால் விமானம் பத்து மாறினாலும் ரிமோட் அதேதான்.

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 8,000 முதல் 10,000 ரூபாய். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்வது வழக்கம்.

---

## மோட்டார் ஊருக்கு இது புதுசா?

வரலாற்றை நாலு வரியில் சொல்லிவிடலாம். 1871-ல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் முறுக்கிய ரப்பரின் பலத்தில் ஒரு குட்டி விமானத்தை சுமார் 40 மீட்டர் பறக்கவிட்டார். அவருடைய வடிவமைப்பில் வந்த ரப்பர் பொம்மை ஒன்றை 1878-ல் அப்பா வாங்கித் தந்ததுதான் ரைட் சகோதரர்களின் ஆசைக்கு வித்து. 1937-ல் அமெரிக்காவின் வால்டர், வில்லியம் குட் சகோதரர்கள் 'கஃப்' என்ற விமானத்தை வானொலி அலையால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார்கள்.

அதே 1937-ல்தான் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்தார்கள். அதன் பிறகு கொங்கு நாட்டில் மோட்டார் தெரியாத ஊர் இல்லை. கிணற்றுக்கு மோட்டார், மில்லுக்கு மோட்டார், தறிக்கு மோட்டார், மாவரைக்க மோட்டார். காயில் கருகினால் தூக்கிக்கொண்டு போக ஊருக்கு ஒரு பட்டறை.

சென்னிமலைக் காட்டில் நின்ற அந்தப் பட்டறைக்காரர், உள்ளங்கையில் அடங்கும் விமான மோட்டாரைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். நாம் பார்த்துப் பழகிய பம்ப்செட்டில் வெளியே இருப்பது நிற்கும், உள்ளே இருப்பது சுழலும். இதில் காயில் நடுவில் அசையாமல் இருக்க, காந்தம் ஒட்டிய வெளிக்கூடு சுழல்கிறது. பம்ப் மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 2,880 சுற்று. இது 1,000 கே.வி. மோட்டார்; அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று. 11.1 வோல்ட் கொடுத்தால், சுமையில்லாதபோது பதினோராயிரத்துக்கும் மேல். "செம்புக் கம்பி அதேதானுங்க. கம்பி கனமும் சுத்தும்தான் வேற. கருகுனா நானே சுத்திக்குவேன்" என்கிறார். செய்தும் காட்டியிருக்கிறார்: பையனின் விமானத்தில் இருப்பது அவர் மறுபடி சுற்றிக்கொடுத்த மோட்டார்தான்.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே ஒரு வருத்தமும். சந்தையில் கிடைக்கும் இந்த வகை மோட்டார்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருபவை. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. 2025 ஏப்ரலில் அரியவகைத் தனிமங்களுக்கும் அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது, சின்ன மோட்டாருக்குள் இருக்கும் காந்தம்கூட நம் கையில் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. மோட்டாரில் 1937-லேயே முந்திய ஊர், அறுநூறு எழுநூறு ரூபாய் மோட்டாருக்கு வெளிநாட்டைப் பார்த்து நிற்க வேண்டிய அவசியம் என்ன? ரிமோட் விமானம் செய்யும் பையன்கள் அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்ப்பவன் ஒருநாள் செய்து பார்ப்பான். இந்தப் பொழுதுபோக்கை நாம் மதிக்க வேண்டிய முதல் காரணம் இது.

## முதல் பறப்பு

விமானம் செய்வதைவிட அதைச் சோதிப்பதுதான் கடினம். யூடியூப் பார்த்து ஒரு வாரத்தில் செய்துவிடலாம். பொருள்களின் குணத்தையும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெவிக்விக் தெர்மாகோலில் பட்டால் அந்த இடமே கரைந்து குழியாகிவிடும்; அதற்கு ஃபெவிகால்தான். ஹாட் குளூ நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் இளகிப்போய், இறக்கை தன்னால் கழன்று வரும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் எந்தப் பசை என்பதே ஒரு ஆராய்ச்சி.

முதல் பறப்பை 'மெய்டன்' என்கிறார்கள். மூக்கு கனத்தால் சோம்பிப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்பது இந்த உலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். எடை நடுப்புள்ளி, அதாவது சி.ஜி., இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். விரல் நுனியில் வைத்துப் பார்ப்பது அதைத்தான்.

கையிலிருந்து வீசியதும் அந்த விமானம் ஏன் இடப்பக்கம் சாய்ந்தது? புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழல, உடம்பு எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். மோட்டாரை இரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பொருத்தினால் அது அடங்கும். ரிமோட்டில் ட்ரிம் பொத்தானைத் தட்டியும் சரிக்கட்டலாம். ஆனால் அன்று அந்தப் பெரியவர் பையனிடம் சொன்னது கவனிக்க வேண்டியது: "ரெண்டையும் ஒண்ணா மாத்தாதே. ஒண்ண மாத்து, பறக்கவிடு, நோட்டுல எழுது. அப்புறம் அடுத்தது."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், எழுதி வை. எந்தச் சோதனைக்கூடத்திலும் சொல்லித்தரும் பாடம் இதுதான். ஆனால் வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவனுக்கும், தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டிய விமானம் கண்ணெதிரே நொறுங்கிப் படித்தவனுக்கும் அந்தப் பாடம் ஒன்றல்ல.

நல்ல உயரத்துக்குப் போனதும் த்ராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய மூக்கு தூக்கும். ஒரு கட்டத்தில் இறக்கை தன் பிடியை இழந்து விமானம் சட்டென்று விழும். இதுதான் ஸ்டால். எந்த வேகத்தில் விழுகிறது, நேராக விழுகிறதா, ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு புரள்கிறதா என்று மேலேயே பார்த்து வைத்துக்கொண்டால், இறக்கும்போது அந்த வேகத்துக்குக் கீழே போகாமல் பிழைக்கலாம். நிஜ விமானத்தின் சோதனை விமானி செய்வதும் இதே காரியத்தைத்தான்.

இன்னொரு சங்கடம் திசை. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்வரை வலது என்றால் வலது. அது திரும்பி நம்மை நோக்கி வந்துவிட்டால், அதன் வலது நமக்கு இடது. புதிதாகப் பழகுபவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் அதில் காற்று முகத்தில் அடிக்காது, கை நடுங்காது.

ட்ரோனில் இந்தச் சிரமம் எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உண்மை. ட்ரோனுக்குள் இருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சாய்வை அளந்து தானே சரிசெய்துகொள்கிறது; குச்சியை விட்டுவிட்டால் ஜி.பி.எஸ். உதவியோடு அந்தரத்தில் அப்படியே நிற்கும். அது வசதி. ஆனால் ஜி.பி.எஸ். போய்விட்ட அந்த அரை நிமிடத்தில், பத்து லிட்டர் மருந்தோடு மஞ்சள் காட்டுக்கு மேலே தடுமாறும் ட்ரோனை இறக்க, எந்த உதவியும் இல்லாமல் பறக்கவிட்டுப் பழகிய கை வேண்டும். அந்தக் கையைத் தயார் செய்வது இந்த சன்பேக் விமானங்கள்.

## காற்றுக்கும் ஒரு பஞ்சாங்கம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முக்கால் கிலோ எடையுள்ள விமானம் எம்மாத்திரம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று கொங்குச் சமவெளிக்குள் புகுந்து அடிக்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இந்த மாதங்களில் விடிகாலையில்கூட விமானம் எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பினால் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் நிலைமை மாறுகிறது. மார்கழி முதல் மாசி வரை, சூரியன் தரையைச் சூடாக்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், இலை அசையாது. புதிய விமானத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து வெப்பக்காற்று கிளம்பும். அப்போது மோட்டார் விமானத்தை எடுத்து வைத்துவிட்டு, நீண்ட இறக்கை கொண்ட கிளைடரை எடுப்பவர்கள் உண்டு. பருந்து எங்கே இறக்கையடிக்காமல் வட்டமிடுகிறதோ அங்கே கிளைடரைக் கொண்டுபோனால், மோட்டாரை நிறுத்திவிட்டே உயரம் ஏறலாம். இப்படி வானத்தைப் படிக்கக் கற்றுத்தரும் பொழுதுபோக்கு வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

---
பெட்டிச் செய்தி: இந்த பேட்டரியோடு விளையாடக் கூடாது

லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். பறக்கும்போது 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செல் கெடும். எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும்.

ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பலூன் போல உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் ஏறும் இடத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

புரொப்பெல்லரைக் கழற்றாமல் வீட்டுக்குள் மோட்டாரை ஓட்டிப் பார்க்கவே கூடாது. விரல் போனால் போனதுதான்.

---

## இடம் எங்கே?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கோவையிலிருந்து தொடங்குவோம். பீளமேட்டில் சர்வதேச விமான நிலையம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களின் ஊர் அது. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவின் ஊரும் அதுதான். 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் விமானங்கள் வந்து இறங்கியபோது, மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்காத பிள்ளைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு விமான ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் தங்கள் வீட்டுப் பக்கத்தில் பறக்கவிட முடியாது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி தேவை. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் அனுமதி தேவை. படைத்தளத்தின் கட்டுப்பாடு தனி. சரவணம்பட்டியோ சிங்காநல்லூரோ, எங்கே திரும்பினாலும் வட்டத்துக்குள்தான். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயணிகள் விமானம் இறங்கும் பாதையில் விளையாட்டு கூடாது.

ஈரோட்டுக்கு அந்தத் தடை இல்லை. விமான நிலையம் கிடையாது. கோவையும் சேலமும் தூரத்தில் இருக்கின்றன. மாவட்டத்தில் சட்டப்படி பறக்கவிடக் கூடிய வானம் நிறையவே இருக்கிறது. பிரச்சினை வானத்தில் இல்லை, தரையில்.

வயல் பக்கம் போனால் தென்னையும் மஞ்சளும். மேட்டாங்காட்டுப் பக்கம் போனால் உயர்மின் கோபுரங்கள். ஊரை ஒட்டிய காடுகளில் கல் நட்டு, கொடி கட்டி, சைட் போட்டுவிட்டார்கள். பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள். வ.உ.சி. பூங்கா மைதானம் ஊருக்கு நடுவே. மிச்சம் இருப்பது கொறங்காடு. மரமும் புல்லும் மாடுமாக, தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த மேய்ச்சல் நிலம். தெரிந்தவர் காடாக இருந்தால், "மாடு வர்றதுக்குள்ள முடிச்சுக்கோங்க" என்று அனுமதிப்பார்கள். பெருந்தன்மைதான். ஆனால் ஒருவர் பெருந்தன்மையில் ஒரு விளையாட்டு எத்தனை நாள் நடக்கும்? மோட்டார் சத்தத்தில் காங்கேயம் காளை மிரண்டு வேலியைத் தாண்டினால் யார் பொறுப்பு?

ஊர்க்காரர்களின் சந்தேகமும் உண்டு. ட்ரோன் என்றாலே வேவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; மாதிரி விமானத்துக்கும் ட்ரோனுக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தந்தக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பதினேழு வயதுப் பையன் காவல் நிலையப் படியேறி, "விமானம் பறக்கவிடப் போறேனுங்க சார்" என்று சொல்லத் துணிவானா? பெண் பிள்ளைக்கு இன்னும் சிரமம். விடியலில் ஆளில்லாத காட்டுக்கு எந்த அம்மா அனுப்புவார்? வகுப்பில் விமானப் பொறியியல் படிக்கும் பெண்கள் இந்தக் காட்டில் கண்ணில் படாததற்கு ஆர்வக் குறைவு காரணமல்ல. பாதுகாப்பான, எல்லோரும் அறிந்த ஒரு களம் இல்லாததே காரணம்.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்தைத் தனி வகையாகப் பிரிக்கின்றன. மொத்த எடை 25 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்குக்கு மட்டுமே. கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். இந்த வகைக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை.

2 கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட, விமானிச் சான்றிதழும் தேவையில்லை.

பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வரைபடம் இணையத்தில் இருக்கிறது. அது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். பதிவு எண் பெறும் நடைமுறையையும் இணையத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

விதிமீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை.

---

2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கான புதிய மசோதாவின் வரைவைக் கருத்துக் கேட்புக்கு மத்திய அரசு வெளியிட்டது. எந்த வடிவில் அது சட்டமானாலும், மாதிரி விமானத்துக்கு இப்போதுள்ள விலக்கு அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். மூங்கில் குச்சியும் சன்பேக்குமாகப் பையன் செய்யும் விமானத்துக்கு, தொழிற்சாலைத் தயாரிப்புக்குக் கேட்கும் சான்றிதழைக் கேட்டால், அவன் செய்வதையே நிறுத்திவிடுவான். அல்லது ஒளிந்து செய்வான். இரண்டும் நாட்டுக்கு நல்லதல்ல.

## வரப்போகும் தொழிலுக்கு யார் ஆள்?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் அதன் முனைகள். ஐந்தில் மூன்று மேற்கு மாவட்டங்களில். கோவைக்கும் சேலத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் ஈரோடு. கோவையில் கொடிசியா நடத்தும் பாதுகாப்புத் தொழில் புத்தாக்க மையம் இயங்குகிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ட்ரோன் தெளிப்பை ஆராய்கிறது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 1,261 கோடி ரூபாய். ட்ரோன் விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம்.

இவ்வளவு பணமும் திட்டமும் வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, பழுதானால் பார்க்க ஆள் யார் என்பதுதான். வெள்ளாமைக் காட்டில் விழுந்த ட்ரோனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கா ஓட முடியும்? பம்ப்செட் வந்த காலத்தில் கூடவே ஊருக்கு ஊர் ரீவைண்டிங் பட்டறை வந்ததால்தான் கொங்கு விவசாயம் நின்றது. ட்ரோனுக்கும் அப்படி ஒரு பட்டறைக்காரர் தலைமுறை வேண்டும். சால்டரிங் பிடிக்கத் தெரிந்து, சர்வோ சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லத் தெரிந்து, சரிசெய்ததைத் தைரியமாகப் பறக்கவிட்டுச் சோதிக்கத் தெரிந்த ஆட்கள். பயிற்சிப் பள்ளியில் சில நாளில் விமானிச் சான்றிதழ் வாங்கலாம். இந்தத் திறமை அப்படி வருவதில்லை. அது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வருடக்கணக்கில், விழுந்து எழுந்து வருகிறது.

அதற்குக் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நூறு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலத்துக்குக் கல் பொறுக்கிய மண் ஓடுபாதை. அதைச் சுற்றி மின்கம்பியும் வீடும் இல்லாத சில ஏக்கர் வெற்றிடம். பார்வையாளர் நிற்க ஒரு கயிற்று வேலி. பேட்டரி சார்ஜ் போட ஒரு நிழற்கூரை, மணல் வாளி, முதலுதவிப் பெட்டி. காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தெரிந்த ஒரு நேர அட்டவணை. புதியவர்களுக்குக் கற்றுத்தரப் பழகிய இரண்டு பேர்.

அரசு நிலம் ஒதுக்கக் கோப்பு நகர நாளாகும். மாவட்ட நிர்வாகம் அதைத் தொடங்கட்டும். ஆனால் காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. பெருந்துறையிலிருந்து சத்தியமங்கலம் வரை ஊருக்கு வெளியே பெரிய பெரிய வளாகங்களோடு பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அந்த மைதானங்கள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கின்றன. தன் மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அந்த மூன்று மணி நேரம் வாசலைத் திறந்துவிட ஒரு கல்லூரி முன்வந்தால் போதும். ஆடிக்காற்று அடங்கி, ஐப்பசி மழையில் ஓடுபாதை மண் இறுகி, இந்த மார்கழியிலேயே முதல் விமானத்தை வீசிவிடலாம்.